சாரோட சம்சாரம்

“சாரோட சம்சாரம் முழுக்க இந்தப் பேனாவுக்குள்ளதான் உண்டு சார்” என்றான் அஸ்வந்த்.

பிரின்சிபால் நல்லசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பையன் கையிலிருந்த தடித்த கறுப்புப் பேனாவைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வரலாற்று விரிவுரையாளர் தினகரனைப் பார்த்தார். மறுபடியும் பேனாவைப் பார்த்தார்.

“என்ன தம்பி சொல்றீங்க?”

“நெஜம் சார். சாயங்காலமானா ஹாஸ்டல் பசங்க எல்லாரும் என் ரூமுக்கு வந்துடுவாங்க. சாரோட சம்சாரம்னா அவங்களுக்கு அத்தனை இஷ்டம்.”

நல்லசாமி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார்.

“ஏனுங்க தினகரன், இவன் பேசறதைக் கேட்டுட்டு மரமாட்ட நிக்கறீங்க! கேமரா வெச்ச பேனாவுங்களா இது? உங்க ஊட்டுக்காரம்மாவை... சேச்சே! இருங்க, போலீஸுக்குப் போன் போடறேன்.”

“சார், சார், உக்காருங்க. இவன் பாட்டவயல்காரன். வீட்டுல மலையாளம். அவங்க பேச்சுல சம்சாரம்னா பேச்சு. நான் வகுப்புல பேசறது பூரா இதுல பதிவாகியிருக்குன்னு சொல்றான். என் சம்சாரம் பத்திரமா வீட்டுலதான் இருக்கா.”

நல்லசாமி மெதுவாக உட்கார்ந்தார். பெருந்துறையிலிருந்து மலையேறி வந்து அவருக்கு இன்னும் இரண்டு மாதம் முடியவில்லை. கூடலூரின் குளிரும் பழகவில்லை, பேச்சும் பழகவில்லை. கழுத்து மஃப்ளரை இறுக்கிக்கொண்டு கேட்டார்:

“அப்ப இந்த ஊர்ல சோறுன்னா என்னங்க அர்த்தம்?”

“சோறுதான் சார்.”

“அதையாச்சும் விட்டு வெச்சாங்களே.”

விவகாரம் இதுதான். ரவுண்ட்ஸ் வந்த பிரின்சிபால், வகுப்பில் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்க, அஸ்வந்த் மட்டும் கன்னத்தில் கைவைத்து ஜன்னலுக்கு வெளியே மூடுபனியை வேடிக்கை பார்ப்பதைக் கண்டார். பையனையும் பாடம் நடத்தியவரையும் சேர்த்து அறைக்குக் கூட்டி வந்துவிட்டார். நல்லசாமிக்கு எல்லாக் குற்றத்திலும் இரண்டு பேர் வேண்டும்.

அஸ்வந்த் பேனாவின் மகிமையை விளக்கினான். துபாயிலிருக்கும் மாமா அனுப்பியது. இதற்கென்றே பொடிப்பொடிப் புள்ளி போட்ட நோட்டு ஒன்று உண்டு. அதில் ஒரு வார்த்தை எழுதினால் போதும். பிறகு அந்த வார்த்தைமேல் பேனா முனையால் தட்டினால், அதை எழுதிய நேரத்தில் யார் என்ன பேசினார்களோ அதைப் பேனா அப்படியே பேசும். சொல்லிக்கொண்டே, சற்றுமுன் நோட்டில் ‘பிரின்சிபால்’ என்று எழுதிவைத்திருந்ததைத் தட்டினான்.

“அதையாச்சும் விட்டு வெச்சாங்களே” என்றது பேனா, பெருந்துறைக் குரலில்.

நல்லசாமியின் முகம் பூவாக மலர்ந்தது. இன்னொரு முறை தட்டச் சொன்னார். மூன்றாவது முறை தானே தட்டினார்.

“தினகரன், போன மீட்டிங்ல மேனேஜ்மென்ட்ல இதைத்தானுங்க கேட்டாங்க. இந்த மாதிரிப் பேனா காலேஜுக்குப் பிரயோஜனப்படுமா, வெட்டிச் செலவான்னு. நீங்க ஒரு வாரம் வகுப்புல வெச்சுப் பாத்துட்டு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. வர்ற வெள்ளிக்கிழமை நானே உக்காந்து கேக்கறேனுங்க. முதல் பக்கத்துல இருந்து.”

“முதல் பக்கத்துல இருந்தா சார்?”

“ஏனுங்க, அதுல ஏதாச்சும்...?”

“இல்ல சார். ரொம்ப நல்லது சார்.”

“அன்னிக்குத்தான் ஜூன் மாச லிஸ்ட்டையும் அனுப்போணும். டெம்பரரி ஆளுங்க யாரு யாரு இருக்கலாம், யாரு போகலாம்னு. எல்லாம் ஒண்ணா முடிச்சுடலாமுங்க.”

தினகரன் அந்தக் கல்லூரியில் தற்காலிகம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தற்காலிகம். மகள் பிறந்து, வளர்ந்து, இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகும் தற்காலிகம். ஒவ்வொரு கோடையிலும் லிஸ்ட்டில் பெயர் வந்தால் ஜூனில் வேலை, வராவிட்டால் திருப்பூர். மனைவி இந்துமதியின் அண்ணன் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். “மச்சான் வந்தா பீஸ் அடுக்கற வேலை ரெடி” என்று பொங்கலுக்குப் பொங்கல் அன்போடு சொல்லுவான். எம்.பில். படித்தவனைப் பீஸ் அடுக்கக் கூப்பிடுவதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

பிரின்சிபால் அறைக்கு வெளியே வந்ததும் தினகரன் அஸ்வந்தைத் தூண் மறைவுக்கு இழுத்தார்.

“டேய், போன செவ்வாய்க்கிழமையும் பேனா ஓடிச்சா?”

“தோட்டப் பாடம் எடுத்தீங்களே, அன்னிக்கா சார்? அதில்லாமலா! அதுதானே சார் சூப்பர் ஹிட்டு.”

தினகரன் பிரின்சிபால் அறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

எஸ்டேட்டில் காலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். தினகரனின் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து நெல்லியாளத்துப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியேறியது. பிறந்ததிலிருந்து பெரட்டுச் சங்கு கேட்டு எழுந்தவர் அவர். வகுப்பில் பாதிப் பிள்ளைகளும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை பாடம் கொஞ்சம் தூங்கி வழிந்தது. எழுப்புவதற்காகச் சொன்னார்: “பெரட்டுக் களத்துல பெரிய கங்காணின்னு ஒருத்தர் நிப்பார். அவர் செத்துப் போயிட்டார்னு நெனைக்காதீங்க. தினம் காலையில நம்ம கேட்டுல மஃப்ளர் கட்டிக்கிட்டு நிக்கிறார்.” அதோடு விட்டாரா? துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, தொண்டையைச் செருமி, அச்சு அசல் நல்லசாமியாகவே மாறினார்: “ஏனுங்க தம்பி, லேட்டா வந்தா அரைப்பேருதானுங்க! சட்டையை உள்ளே விடுங்க, டிசிப்ளின் வெளியே தொங்குது!” எஸ்டேட்டில் அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. வகுப்பு பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. அந்த வருடம் முழுவதும் அவருக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

“அதை அழிச்சுடு” என்றார் தினகரன்.

“எப்படி அழிக்கறதுன்னு அறியாது சார். போன்ல ஏத்தி அழிக்கணுமாம். என் போன்ல அந்த ஆப் ஏறாது.”

அஸ்வந்த் நோட்டைத் திறந்து காட்டினான். பக்கத்துக்கு ஒரு வார்த்தை. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் ‘பெரட்டு’ என்று மட்டும் இருந்தது. ஹாஸ்டல் முழுதும் தட்டித் தட்டி அந்த இடத்தில் தாள் நைந்து போயிருந்தது. மற்றப் பக்கங்கள் பளபளவென்று இருந்தன.

“மத்த பாடமெல்லாம் கேக்கறதே இல்லையாடா?”

“கேக்கறதுக்கும் கிளாஸ் அளவு நேரம் ஆகுதே சார்! பரீட்சைக்கு முந்தின நாள் பாத்துக்கலாம்னு வெச்சிருக்கேன்.”

“பரிசோதனைக்கு வேணும்” என்று சொல்லிப் பேனாவையும் நோட்டையும் வாங்கிக்கொண்டு தினகரன் வீட்டுக்குப் போனார்.

இந்துமதி பேனாவை வாங்கி எடை பார்த்தாள். “என்னங்க இது, பூரிக்கட்டை மாதிரி?”

தினகரன் கதையைச் சொன்னார். அவள் முகம் கல்லாயிற்று.

“வாய் இருக்குன்னு எதை வேணும்னாலும் பேசறதா? கங்காணியைக் கேலி பண்ணினவன் எவனாவது எங்க லயத்துல உருப்பட்டிருக்கானா? பேர் வெட்டிட்டாங்கன்னா திருப்பூர்ல எங்கண்ணி முகத்துல யார் முழிக்கறது?”

“அழிச்சுடலாம். இதோ, நோட்டுக்கு அடியில மூணு படம் போட்டிருக்கான். சதுரம், ரெண்டு கோடு, வட்டம். வட்டம்தான் அழிக்கறதா இருக்கும். சைபர் மாதிரி இருக்கில்ல?”

வட்டத்தைத் தட்டினார். பேனா ‘டிங்’ என்றது. அடுத்த பக்கத்தில் ‘சுபம்’ என்று எழுதிவைத்தார். இருவருக்கும் பெரிய நிம்மதி.

“சரி, அப்படி என்னதான் பேசினீங்க? பேசிக் காட்டுங்க” என்றாள் இந்துமதி, குரல் கொஞ்சம் இளகி.

தினகரன் மகளின் ஸ்வெட்டரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். வகுப்பில் நடித்ததைவிட நன்றாகவே நடித்தார், வீட்டில் பயமில்லை. இந்துமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்குமுன் தன் பங்கையும் போட்டாள்:

“அந்த ஆள் குளிருக்கு மஃப்ளர் கட்டலைங்க! கழுத்து மேல தலை நிக்குமான்னு சந்தேகம். அதான் கட்டி வெச்சிருக்கார்!”

“சூப்பர்! இதை அடுத்த வகுப்புல சொல்றேன்.”

அப்போதுதான் பேனாவின் தலையில் சின்னதாகச் சிவப்பு வெளிச்சம் எரிவதை இந்துமதி பார்த்தாள்.

வட்டம் அழிப்பதற்கல்ல, பதிவதற்கு. பழைய ஒன்றோடு புதியது ஒன்று. வகுப்பு இரைச்சல் இல்லாமல், தெள்ளத் தெளிவாக, இம்முறை நிஜமாகவே சாரோட சம்சாரம் சகிதம்.

மறுநாள் சாயங்காலம் பஜாரில் ஆசாத்தின் செல்போன் கடைக்கு ஓடினார் தினகரன். ஆசாத் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இந்த மாடல் நம்ம ஊருக்கு வந்ததே இல்ல வாத்தியாரே. முதல்ல உள்ளே என்ன இருக்குன்னு பாப்போம்.” அடியில் ஒரு துளையில் ஒயரைச் சொருகினான். “எங்கே, நோட்டுல ஒண்ணைத் தட்டுங்க.”

தினகரன் ‘பெரட்டு’வைத் தட்டினார். ஒயரின் மறுமுனை கடை வாசலில் பாட்டுப் போடும் பெரிய ஸ்பீக்கரில் இருந்தது.

“ஏனுங்க தம்பி, லேட்டா வந்தா அரைப்பேருதானுங்க!” என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. தேவர்சோலை பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமாகத் திரும்பியது.

“நிறுத்து பாய்! நிறுத்து!”

ஆசாத் ஒயரைப் பிடுங்கினான். கடைக்குள் ரீசார்ஜுக்கு நின்ற ஓர் ஆள் மெல்லத் திரும்பினார். கல்லூரி அட்டெண்டர் முனியசாமி. பிரின்சிபால் அறை வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்.

“சாருங்களா? நம்ம பெரியவர் கொரல் கேட்டுச்சுங்களே. ஆனா அவரு இவ்வளவு தெளிவாப் பேச மாட்டாருங்களே?”

“முனியசாமி, நீங்க... இது... ஒரு பரிசோதனை.”

முனியசாமி தினகரனின் வியர்த்த நெற்றியைப் பார்த்தார். “நான் இன்னிக்கு லீவுங்க சார். லீவு நாள்ல காதுல விழுறது கணக்குல வராதுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனாலும் வாசல்படி இறங்கும்போது அவர் தோள் குலுங்கியது. இருமலாக இருக்கலாம் என்று தினகரன் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

“அழிக்க வழியே இல்லையா பாய்?”

“கம்பெனிக்காரன்தான் அழிக்கணும். ஆனா ஒண்ணு பண்ணலாம். இதுக்குள்ள இடம் கொஞ்சம்தான். நிரம்பிட்டா பழசைத் தள்ளிட்டுப் புதுசை வெச்சுக்கும். பேசி நிரப்பிடுங்க.”

“சும்மா ஓடவிட்டாப் போதுமா?”

“சத்தம் இல்லேன்னா தூங்கிடும். விடாம யாராவது பேசிக்கிட்டே இருக்கணும்.” ஆசாத் சிரித்தான். “வாத்தியாருக்கு இதைப் போய் நான் சொல்லித் தரணுமா?”

விடாமல் பேசுவது யார் என்பதில் தினகரனுக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்குப் போனதும் நோட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் பேனாவை டி.வி.க்கு முன்னால் நிறுத்தினார். சீரியலில் ஒரு மாமியார் அழுதாள். அவளை அழவைத்த மருமகள் அழுதாள். இருவரையும் பார்த்து ஒரு சம்பந்தி அழுதாள். விளம்பர இடைவேளையில் சோப்பு விற்றார்கள். பேனா ஆனந்தமாக எல்லாவற்றையும் விழுங்கியது.

இந்துமதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, வெள்ளிக்கிழமை அந்த மனுஷன் தட்டும்போது இதுதானே பேசும்? ‘ஐயோ, என் தாலி’ன்னு ஒருத்தி கத்தினா, இது எந்த நூற்றாண்டுப் பாடம்னு கேக்க மாட்டாரா?”

தினகரன் பாய்ந்து போய் டி.வி.யை அணைத்தார். இப்போது அழிக்க வேண்டியவை மூன்று. நடுவில் ஒரு சோப்பு விளம்பரம்.

வேறு வழியே இல்லை. பேனா முழுவதையும் பாடத்தாலேயே நிரப்ப வேண்டும். சுத்தமான பாடம்.

மறுநாள் காலையிலிருந்து கல்லூரி புதிய தினகரனைப் பார்த்தது. முதல் பீரியடும் அவரே, கடைசிப் பீரியடும் அவரே. லீவு போட்ட ஆசிரியர்களின் வகுப்பெல்லாம் அவருக்கே. கேட்டு வாங்கினார், கெஞ்சி வாங்கினார். நோட்டில் பக்கத்துக்கு ஒரு வார்த்தை எழுதிவிட்டு, பேனாவை மேஜைமேல் நிறுத்தி, அதன் முகத்தைப் பார்த்தே பாடம் நடத்தினார். நிதானமாக, அட்சரம் பிசகாமல். ஆண்டுகளை இரண்டு தரம் சொன்னார். பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொன்னார். இருமல் வந்தால் வராந்தாவுக்கு ஓடிப் போய் இருமிவிட்டு வந்தார்.

கதை கிடையாது. வழக்கமாக இந்திய–இலங்கை ஒப்பந்தம் பற்றிச் சொல்லும்போது, கப்பலிலிருந்து மண்டபம் முகாமில் இறங்கிய தன் அப்பா ஒரு மூட்டையும் ஒரு கோழியுமாக நின்ற கதையைச் சொல்லுவார். அந்தக் கோழி யாருடையது என்பதில் இரு நாட்டுக்கும் ஏற்பட்ட தகராறைச் சொல்லும்போது வகுப்பே உருளும். ஒப்பந்தமும் மனதில் நிற்கும். இந்த முறை ஒப்பந்தம் மட்டும் வந்தது. கோழி வரவில்லை.

“சார், கோழி?” என்றாள் முன்பெஞ்சு ஷாயிஸ்தா. அவளுடைய அக்கா போன வருடம் இதே வகுப்பில் படித்தவள்.

“பாடத்திட்டத்துல கோழி இல்லை. எழுதிக்கோம்மா.”

“உடம்பு சரியில்லையா சார்?”

“ரொம்ப நல்லா இருக்கேன். அமைதி.”

பாடம் தீர்ந்தது. பேனா நிரம்பியதா என்று தெரியவில்லை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ‘பெரட்டு’ என்ற வார்த்தையை ஸ்டாஃப் ரூம் மூலையில் காதோடு வைத்துத் தட்டிப் பார்த்தார். “டிசிப்ளின் வெளியே தொங்குது!” என்றது. இன்னும் போகவில்லை. அடுத்த செமஸ்டர் பாடத்தை ஆரம்பித்தார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவும் தீர்ந்தது. அதற்கடுத்த வருடத்துப் பாடத்துக்குப் போனார். தொண்டை கட்டியது, இந்துமதி மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் தூங்குகிறவர்களைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

நடுவில் அறிக்கையும் எழுத வேண்டியிருந்தது. தினகரன் முதலில் மனசாட்சிப்படிதான் எழுதினார். ‘ஒரு முறை காதுகொடுத்துக் கேட்காத மாணவன் இரண்டாம் முறையும் கேட்க மாட்டான். எழுதும்போது கையோடு மூளையும் கொஞ்சம் வேலை செய்யும். இந்தப் பேனா இரண்டுக்கும் ஓய்வு கொடுத்துவிடுகிறது. கல்லூரிக்கு இது பிரயோஜனம் இல்லை.’

இந்துமதி வாங்கிப் படித்தாள்.

“உண்மைதாங்க. கிழிச்சுப் போடுங்க.”

“ஏன்?”

“வேண்டாம்னு எழுதினா, இவன் எதுக்கு வேண்டாங்கறான்னு அந்த மனுஷன் பேனாவைக் கடைசிச் சொட்டு வரைக்கும் தோண்டுவார். ஆஹா ஓஹோன்னு எழுதுங்க. பேனாவும் தப்பும், நீங்களும் தப்புவீங்க.”

தினகரன் மாற்றி எழுதினார். எழுத எழுதக் கை தானாக ஓடியது. ‘ஆசிரியரின் ஒரு சொல்கூட வீணாவதில்லை. அவர் விடுப்பில் இருந்தாலும், இல்லாமலே போனாலும், பாடம் அப்படியே இருக்கும். எத்தனை முறை கேட்டாலும் சலிக்காது, களைக்காது. கல்லூரிக்கு இதைப்போல் பிரயோஜனமான பொருள் வேறில்லை.’ கையெழுத்தும் போட்டார்.

வியாழக்கிழமை கடைசிப் பீரியடில், மூன்றாம் ஆண்டுப் பாடத்தின் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு ‘பெரட்டு’வைத் தட்டினார். பேனா ‘டொக்’ என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. இன்னும் ஒரு தட்டு. ‘டொக்.’ வீட்டில் பதிந்தது? ‘டொக்.’ மாமியார்? ‘டொக்.’ தினகரன் காலி வகுப்பில் தனியாக உட்கார்ந்து, கட்டிய தொண்டையோடு, சத்தமில்லாமல் சிரித்தார்.

பிறகு ஏதோ தோன்றியது. நோட்டில் வேறு ஒரு பக்கத்தைத் தட்டினார். கம்பீரமான ஒரு குரல் பேசியது. எங்கும் தடுக்கவில்லை. யாரோ பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் என்று நினைக்கும்படி இருந்தது. இத்தனை வருடம் படித்தது, சேர்த்தது, தனக்குத் தெரிந்த எல்லாம் அதற்குள் இருந்தது. ‘நானா இது!’ என்று அவருக்கே கண் கலங்கிவிட்டது. இதைக் கேட்ட பிறகும் பெயர் வெட்ட எவனுக்கு மனசு வரும்?

வெள்ளிக்கிழமை நல்லசாமி நோட்டை விரித்து, முதல் காரியமாக ‘பிரின்சிபால்’ என்ற வார்த்தையைத் தட்டினார்.

‘டொக்.’

“ஏனுங்க, என் சத்தம் எங்கே போச்சு?”

“இடம் நிரம்பினா பழசு போயிடும் சார்.”

“அட, போயிடுச்சுங்களா...” நல்லசாமிக்கு நிஜமாகவே வருத்தம். பக்கத்தைத் திருப்பினார். விரல் நின்றது. “இதென்னுங்க? பெரட்டு? தாளே தேஞ்சு கிடக்குது. முட்டைப் பெரட்டலுங்களா?”

“எஸ்டேட் வார்த்தை சார். தொழிலாளர் வரலாறு.”

“ரொம்ப முக்கியமான பாடமாட்ட இருக்குது” என்று சொல்லித் தட்டினார்.



‘டொக்.’

“இதுவும் போச்சுங்களா. சரி, பழசு போனாத்தானுங்க புதுசுக்கு எடம்.”

அதன் பிறகு எல்லாம் திருவிழாதான். எந்தப் பக்கத்தைத் தட்டினாலும் பாடம். முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு. நல்லசாமி கண்களை மூடிக்கொண்டு கேட்டார். மஃப்ளரைக்கூடத் தளர்த்தினார்.

“மூணு வருசத்துப் பாடமும் இதுலயே இருக்குதுங்களா தினகரன்?”

“ஒரு வரி விடலை சார்.”

“ஒரு இருமல் இல்லை, ஒரு வெட்டிப் பேச்சு இல்லை. பிரமாதமுங்க! உங்க அறிக்கையையும் படிச்சேன். இந்தக் காலேஜ் மேல இவ்வளவு அக்கறையா ஒருத்தர் எழுதி நான் பாத்ததில்லைங்க. இப்பவே மேனேஜ்மென்ட்டுக்குப் பேசறேன். பேனா இங்கேயே இருக்கட்டும், அந்தத் தம்பிக்கு வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துக்கலாம். நீங்க ஸ்டாஃப் ரூம்ல இருங்க. லிஸ்ட் இன்னிக்கே முடிஞ்சிரும்.”

எழுந்து வந்து கை குலுக்கினார். இதுவரை எந்தத் தற்காலிகத்துக்கும் அவர் கை கொடுத்ததில்லை.

தினகரன் ஸ்டாஃப் ரூமுக்குப் போகவில்லை; கால் தரையில் பாவவில்லை. வராந்தாவிலிருந்தே இந்துமதிக்குப் போன் போட்டார்.

“பேர் விழுந்த மாதிரிதான்! கை குடுத்தார்டி!”

“நெஜமாவா? பேனா?”

“அது இனிமே நம்ம பக்கம். உங்கண்ணனுக்குச் சொல்லிடு, பீஸ் அடுக்க வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு. நாளைக்கு ஊட்டிக்குப் போறோம். பாப்பாவுக்கு வர்க்கி, உனக்கு என்ன வேணுமோ கேளு.”

“முதல்ல தொண்டைக்கு ரெஸ்ட் குடுங்க” என்று இந்துமதி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

போனைப் பையில் போட்டபோது பிரின்சிபால் அறைக் கதவு திறந்தது. முனியசாமி வெளியே வந்தார். வேஷ்டிக்கு மேல் புதிதாக ஒரு கோட்டு. நல்லசாமியுடைய பழைய கோட்டு போலிருந்தது. ஒரு கையில் நோட்டு, மறு கையில் பேனா. தினகரனைப் பார்த்ததும் ஓட்டமும் நடையுமாக வந்து, முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“ஏனுங்க சார், கோவிச்சுக்காதீங்க. ஊட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இதை எங்கே அமுக்குனாப் பேசும்னு மட்டும் காட்டிக் குடுத்துட்டுப் போயிருங்க. ஜூன்ல இருந்து உங்க கிளாஸை நான்தான் எடுக்கோணுமாமுங்க.”